இருபத்தொரு கையெழுத்து

கூட்டம் என்றால் நாற்காலியைக் குறைத்துத்தான் போட வேண்டும். முப்பது பேர் வருவார்கள் என்று தோன்றினால் இருபது போடுங்கள். பின்னால் வருகிறவன் நிற்பான். நிற்கிறவனைப் பார்த்து, உட்கார்ந்திருப்பவன் பாதியில் எழுந்து போகக் கூச்சப்படுவான். படத்திலும் மண்டபம் நிறைந்ததாகவே விழும். நாற்பது போட்டு முப்பது பேர் வந்தால் அது தோற்ற கூட்டம். பதினான்கு வருடம் நாற்காலி போட்டவன் சொல்கிறேன்.

நீங்கள் இதைக் கேட்கவில்லை என்று தெரியும், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் கேட்டது தலைவர் சவரிநாதனைப் பற்றி. பதினெட்டுப் பேர் கண் முன்னால் நடந்ததை நான் இல்லையென்று சொல்லப்போவதில்லை. ஆனால் அதை மட்டும் எழுதினால் படிக்கிறவர்களுக்குக் காரணம் புரியாது. வாயால் சொன்னால் போதும், தானே எழுதிக்கொள்கிறேன் என்றார் உங்கள் தமிழ்க் கோப்பரல். வேண்டாம் என்றேன். நான் நாற்பத்தேழு வயதில் எழுத்துப் படித்தவன். அதற்கு முன் என்ன தாள் என்று தெரியாமலே எத்தனையோ தாளில் கட்டைவிரலை வைத்திருக்கிறேன். எழுதத் தெரிந்த பிறகு எனக்காக இன்னொருவர் எழுதக் கூடாது. நான் எழுதுகிறேன், அவர் மலாயில் மாற்றிக் கொடுக்கட்டும்.

என் பெயர் காத்தவராயன். தகப்பன் பெயர் சின்னாண்டி. முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசன இலாகாவில் வாய்க்கால் கூலி. பாரிட் புந்தாரிலிருந்து பாகான் செராய் வரைக்கும் வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலில் இடுப்பளவு இறங்கி, ஆகாயத் தாமரையை அறுத்துக் கரையில் எறிவதுதான் வேலை. அறுத்த இடம் பத்தே நாளில் மறுபடி மூடிக்கொள்ளும். முதுகு போனதும் அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் கிரியான் வட்டாரத் தமிழ் எழுத்தாளர் கழகத்தில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள். டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு மண்டபம், பின்னால் ஓர் அறை. அந்த அறையில் நான் படுத்துக்கொள்ளலாம். கழகம் நடக்கிற வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு லாரி முதலாளி எழுதிக் கொடுத்த இடம் அது. கழகம் நின்றால் அவர் பிள்ளைகளுக்குப் போய்விடும்.

தலைவர், துணைத்தலைவர், செயலாளர் என்று தாளில் பதினொரு பேர் உண்டு. வேலைக்கு நான் ஒருவன்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'கரையோரம்' என்ற இதழ் வரும். அதை மடித்து, விலாசம் ஒட்டி, தபாலில் சேர்ப்பேன். முதல் வருடம் விலாசச் சீட்டுகளைப் பாதி தலைகீழாக ஒட்டினேன். லோகாம்பாள் டீச்சர் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெற்று, சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவர்.

"காத்தா, என்னப்பா கவிஞருங்க எல்லாம் சிரசாசனம் பண்றாங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டிலும் என்ன பெயர் என்று படித்துக் காட்டினார். கழகத்தில் நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். அந்த நாற்பத்திரண்டு விலாசமும்தான் என் அரிச்சுவடி. அதனால் அவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள், எந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில், எந்தச் சந்தில் என்பது எனக்கு எழுத்தோடு எழுத்தாக மனப்பாடம்.

ஐந்து வருடத்துக்கு முன் செயலாளர் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். வருகைப் புத்தகமும் குறிப்பேடும் என் கைக்கு வந்தன. பதவி வரவில்லை. நான் சம்பளம் வாங்குகிறவன், உறுப்பினர் அல்ல. புத்தகத்தை நீட்டலாம், அதில் கையெழுத்துப் போடக் கூடாது. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. அட்டையில் தூசி படிந்தால் என் சட்டையால் துடைப்பேன்.

ஐயா, கழகத்தின் சட்டத்தில் ஒரு விதி உண்டு. வருடா வருடம் ஜூன் முப்பதுக்குள் ஆண்டுக் கூட்டம் நடக்க வேண்டும். அதில் இருபத்தொரு உறுப்பினராவது நேரில் வந்து கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். குறைந்தால் அது கூட்டமே இல்லை. கூட்டம் இல்லையென்றால் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லையென்றால் அரசாங்க மானியமும் இல்லை. புத்தகம் என் கைக்கு வந்த முதல் வருடம் ஏழு பேர் வந்தார்கள். இரண்டாம் வருடம் ஒன்பது. பதிவிலாகாவிலிருந்து கடிதம் வந்தது. இனி ஒரு வருடம் தவறினாலும் பதிவு ரத்து.

எழுத்தாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவருக்குக் கால்வலி, ஒருவருக்குப் பேரன் பிறந்தநாள், ஒருவருக்கு இன்னொருவர் முகத்தில் முழிக்கப் பிடிக்காது. தண்ணீரில் நின்ற மனிதன் நான், கரையில் இருப்பவர்கள் கஷ்டம் எனக்கு என்ன தெரியும்.

மூன்றாம் வருடம் மே மாதம் கவிஞர் வெள்ளியங்கிரி நெஞ்சுவலியில் இறந்தார். அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். இரங்கல் கூட்டம் போட்டோம். முப்பத்தேழு உறுப்பினர்கள் வந்தார்கள். பேசாதவர்கள் பேசிக்கொண்டார்கள். ஈப்போவிலிருந்து வாடகைக் கார் பிடித்துக்கூட ஒருவர் வந்தார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீகூன் சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது நான் தலைவர் காதில் சொன்னேன்: "ஐயா, சாப்பாட்ட இப்ப எடுக்க வேணாம். கதவச் சாத்திடுறேன். புத்தகத்த சுத்தி விட்ருவோம்."

சவரிநாதன் ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பலே ஆளுப்பா நீ," என்றார். பதினொரு நிமிடத்தில் ஆண்டுக் கூட்டம் முடிந்தது. அதிலிருந்து அதுவே எங்கள் வழக்கம். முதலில் இரங்கல், பிறகு கதவுக்குக் குறுக்கே இரும்புக் கழி, கையெழுத்து, அப்புறம்தான் சாப்பாடு.

அன்று சாப்பிடும்போது பொன்னுரங்கம் சொன்னதை நீங்கள் கவனிக்க வேண்டும். கல்யாண வாழ்த்துப் பாடல் எழுதுகிற ஆள், எல்லாருக்கும் வேண்டியவர். "பாத்தீங்களாலா, செத்தாத்தான் நம்மாளுங்க ஒண்ணு சேருவானுங்க," என்றார்.

"அப்ப அடுத்த வருஷத்துக்கு யாரு? சீட்டுக் குலுக்கிப் பாப்பமா?" என்றார் தலைவர்.

"குலுக்கல்லாம் எதுக்குங்க? என்னையே போட்டுக்குங்க. உசுரோட இருக்கையில ஒருதடவகூட எனக்கு ஹால் நெறஞ்சதில்ல."

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தேன். குறிப்பேட்டில் அதை எழுதவில்லை. மறக்கவும் இல்லை.

அடுத்த வருடம் யாரும் சாகவில்லை. மே மாதம் ஆண்டுக் கூட்டம் வைத்தோம், ஒன்பது பேர் வந்தார்கள். ஜூன் பிறந்தது. யாராவது இழுத்துக்கொண்டு கிடக்கிறார்களா என்று விசாரித்தேன். எல்லாரும் நன்றாக இருந்தார்கள்.

மலர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, நாலைந்து படைப்பு சேர்த்து ஒரு சிறு நினைவு மலர் போடுவது கழகத்தின் பழக்கம். அச்சாக ஐந்து நாள் ஆகும். வெள்ளியங்கிரியின் மலர் கூட்டம் முடிந்து பத்தாம் நாள்தான் வந்தது. இன்றும் என் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. ஆள் பலம் இருக்கிற சங்கம் என்றால் ஒருவர் எழுத, ஒருவர் தட்டச்சு செய்ய, ஒருவர் ஓடலாம். ஒற்றை ஆள் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்த வருடம் நாற்பத்தொரு பேருக்கும் நாற்பத்தொரு உறை போட்டு, படமும் குறிப்பும் சேர்த்து வைத்தேன். கண் போகிற வேலை. டீச்சர்தான் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்.

பொன்னுரங்கத்தின் உறையை ஒரு திங்கட்கிழமை பாகான் செராய் அச்சகத்தில் கொடுத்தேன். அச்சக முதலாளித் தவுக்கே சீனர், தமிழ் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து, "யாரு இது, கல்யாண மாப்பிள்ளையா? வயசாயிருச்சே," என்றார்.

"அந்த மாதிரிதான் தவுக்கே. ஞாயித்துக்கிழம விசேஷம்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பொன்னுரங்கம் தினமும் ஐந்தரைக்குச் சைக்கிளில் வாய்க்கால் கரையோடு வருவார். மதகடியில் இறங்கி, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, பாட்டுக்கு வரி சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். நான் தாமரைக்கு நடுவில் கழுத்தளவில் நின்றேன். முப்பத்தொரு வருடம் நின்ற இடம், எனக்குக் குளிரவில்லை. களை வெட்டும் கழியின் அடிக்கட்டையால் ஒருமுறை தலையில் தட்டினேன். அவர் விழுந்ததும் சட்டைக் காலரைப் பிடித்து அடியில் சேற்றோடு வைத்துக்கொண்டேன். ஆகாயத் தாமரையின் வேர் எவ்வளவு பின்னிக்கொள்ளும் என்று வெளியாருக்குத் தெரியாது. அதுவும் என்னோடு சேர்ந்து பிடித்துக்கொண்டது. நான் நினைத்ததைவிட அதிக நேரம் உதைத்தார். ஒருமுறை மேலே வந்து என் முகத்தைப் பார்த்து, "காத்தா, தூக்குலா," என்றார். நான் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மறுபடி அமுக்கினேன். அடங்கியதும் செருப்பு ஒன்று மிதந்து போனது. எட்டிப் பிடித்து, மற்றதோடு ஜோடியாகக் கரையில் வைத்தேன். கால் கழுவ இறங்கினவர் அப்படித்தான் வைத்திருப்பார்.

முப்பத்து மூன்று கையெழுத்து. மலர் வாசலிலேயே கைக்குக் கை போனது. இவ்வளவு சீக்கிரம் எப்படி முடித்தாய் என்று டீச்சர் என் முதுகைத் தட்டினார். கழகத்தின் சரித்திரத்தில் அப்படி ஒரு கூட்டம் இல்லை என்று தலைவர் பேசினார். அந்த வரியைக் குறிப்பேட்டில் நானே எழுதினேன்.

இந்த வருடத்துக்கு வருகிறேன்.

யாரை என்று நான் கண்டபடி தீர்மானிக்கவில்லை. எனக்கு யார் மீதும் பகை கிடையாது. பகை இருந்தால் எளிதாக இருந்திருக்கும். எல்லாரும் வெறுக்கிற ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம், அவர் போனால் எட்டுப் பேர்கூட வரமாட்டார்கள். பிடித்தமானவர் போனால்தான் மண்டபம் நிறையும். உறைகளைப் பரப்பிவைத்து மூன்று நாள் யோசித்தேன். எப்படிப் பார்த்தாலும் லோகாம்பாள் டீச்சருக்கு மேல் பிடித்தமானவர் இல்லை. எனக்கும்தான்.

ஜூன் நான்காம் தேதி புதன்கிழமை அச்சகத்துக்குப் போனேன். ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு டீச்சர் கழகத்துக்கு வந்தார். ஆண்டுக் கூட்டத்துக்கு உறுப்பினர்களைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வரும்போது எனக்கு உளுந்துவடை வாங்கி வந்தார். சாப்பிட்டேன். நான் எழுதிவைத்திருந்த அழைப்பைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"உன் கையெழுத்து நம்ம பொருளாளர் கையெழுத்த விட நல்லாருக்கு தெரியுமா? அவரு எழுதுனா கோழி கிண்டுன மாதிரி. ஒருநாள் உன் கதைய நீயே எழுதணும் காத்தா. எழுதிக் கொண்டா, நான் திருத்தித் தர்றேன்."

"எழுதுறேன் டீச்சர்," என்றேன்.

மாடிப்படி இருபத்து மூன்று. செங்குத்தான பழைய கடைப்படி, ஓரத்தில் இரும்புப் பட்டை. கோப்பி குடித்துவிட்டு வந்து பேசலாம் என்று அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தபோது இரண்டு கையாலும் தள்ளினேன். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் படியில் இடுப்பு மடங்கி, கடைசிப் படியில் போய்க் கிடந்தார். நான் இறங்கிப் போனேன். கண் திறந்திருந்தது, ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"காத்தா... பை," என்றார். "பையில... லிஸ்டு."

வலியில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். ஆட்கள் வருவதற்குள் முடிக்க வேண்டும். தலையைக் காதோடு இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, இரும்புப் பட்டையின் மேல் வைத்தேன். வைத்தேன் என்று எழுதுவது சரியில்லை. இரண்டு முறை மோதினேன். இரண்டாவதில் உள்ளே ஏதோ விட்டுப்போனது கையில் தெரிந்தது. பிறகுதான் டயர் கடைக்காரனைக் கூப்பிட்டேன்.

அன்று மாலை பையைத் திறந்து பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் உறுப்பினர் பெயர்கள் எல்லாம் இருந்தன. இருபத்தாறு பெயருக்கு நேரே சரி போட்டிருந்தார். வீட்டிலிருந்தே, தன் செலவில், ஏற்கெனவே எல்லாரையும் கூப்பிட்டுப் பேசி முடித்திருந்தார். அடியில், 'என் வேன்: முதல் நடை ஒன்பது பேர், இரண்டாம் நடை எட்டுப் பேர், மீதிப் பேர் சொந்த வண்டி. காத்தாவிடம் சொல்ல வேண்டும், சந்தோஷப்படுவான்' என்று எழுதியிருந்தது.

எனக்குக் கொஞ்ச நேரம் சங்கடமாக இருந்தது. ஆனால் அச்சகத்தில் வேலை ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும்.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் இரங்கல் கூட்டம். இருபது நாற்காலி போட்டேன். படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். அவரிடம் படித்த பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள், பாசாரில் மீன் விற்கிற மலாய்க்கார அம்மா ஒருவர். எல்லாரும் அழுதார்கள். மண்டபம் நிறைந்தது. புத்தகம் நிறையவில்லை. இரங்கல் முடிந்து வெளியாரை அனுப்பிவிட்டு, கதவுக்குக் கழி போட்டு எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். வராதவர்களில் பெரும்பாலானவர்கள் டீச்சரின் வேனில் வருகிறவர்கள். அவர்களைக் கூப்பிடுகிறவரும் ஏற்றி வருகிறவரும் பெட்டியில் போய்விட்டார். இந்தத் தப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். தனி ஆளாக வேலை செய்தால் இப்படி ஒன்று விட்டுப்போகும்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசையில் சாய்ந்துகொண்டு நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுதானே கொறையுது? நீயே போட்ரு."

"யாரு பேர்லங்கய்யா?"

"யாரு பேர்லயாச்சும் போடுப்பா. லோகாம்பா பேர்லயே ஒண்ணு போடு. தேதிய மட்டும் ரெண்டு வாரம் முன்னாடி தள்ளிட்டா போச்சு. அவங்களுக்கும் ஒரு மரியாத மாதிரி ஆச்சு."

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"கள்ளக் கையெழுத்துங்களாய்யா?"

"அட, என்னமோ கொல பண்ணச் சொன்ன மாதிரி முழிக்கிறான் பாரு," என்றார் மற்றவர்களைப் பார்த்து. "உங்கைக்குப் புத்தகம் வர்றதுக்கு முன்னாடி நாங்க என்ன செஞ்சோம்னு நெனக்கிற? நாலு பேரு எதிர்க் கடையில கோப்பி குடிச்சுக்கிட்டே இருபத்தொண்ணு போட்ருவோம். இருவது வருஷமா அப்படித்தான் கழகம் ஓடுச்சு."

"அப்ப அந்த ரெண்டு வருஷம் ஏன் போடல?"

"நீதான் புத்தகத்தக் கட்டிப்புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே. புத்தகம் கைக்கு வந்த புதுசு, நேர்மையான மனுசன், அவன் மனச நோகடிக்க வேணாம்னு லோகாம்பாதான் சொன்னாங்க. பாவம்னு விட்டுட்டோம். இப்பத்தான் பழகிட்டியே, போடுலா."

பேனாவை என் சட்டைப் பையில் செருகினார்.

ஐயா, முதலில் வருகைப் புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்துப் பின்வரிசை நாற்காலியில் வைத்தேன். பக்கம் கெடக் கூடாது. பிறகு கதவுக்குப் போய் இரும்புக் கழியை உருவினேன். சாப்பாட்டுக்குக் கதவைத் திறக்கிறேன் என்று எல்லாரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். முதல் அடி தோளில் பட்டது. அவர், "காத்தா, சரி, சரி, போட வேணாம்," என்றார். இரண்டாவது தாடையில். அதற்கு மேல் அவரால் வார்த்தை சொல்ல முடியவில்லை, ஆனாலும் கையைத் தூக்கி ஏதோ கணக்குச் சொல்வதுபோல் விரலை விரித்துக் காட்டினார். விரலோடு சேர்த்து அடித்தேன். விழுந்த பிறகு நான்கு அடி. உங்கள் டாக்டர் ஆறு என்று எழுதினால் அவர் எண்ணியதே சரியாக இருக்கும். டீச்சரின் மாலை போட்ட படத்தில் தெறித்ததைத் துண்டால் துடைத்தேன். மற்றப் பதினெட்டுப் பேரும் அசையவில்லை. ஒருவரும் கதவுப் பக்கம் போகவில்லை. எழுத்தாளர்கள் அத்தனை பேர் ஒரே இடத்தில் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மீகூன் கொண்டுவந்த பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கூச்சல் போட்ட பிறகுதான் ஓடினார்கள்.

பொன்னுரங்கத்தையும் டீச்சரையும் கழகத்துக்காகச் செய்தேன். அவற்றை யோசித்து, நிதானமாகச் செய்தேன். தலைவரைச் செய்தது அப்படியல்ல. அது கோபம். கள்ளக் கையெழுத்துப் போடச் சொன்னால் மானமுள்ள எவனுக்கும் கோபம் வரும். நான் திட்டமிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐந்து வருடப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். அதில் பொய்யாக ஒரு புள்ளிகூட இருக்காது.

ஒரு வேண்டுகோள். இன்று பதினேழாம் தேதி. ஜூன் முப்பதுக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. தலைவருக்கு எப்படியும் இரங்கல் கூட்டம் போடுவார்கள். இருபத்தொன்பது ஞாயிறு, அன்று வைக்கச் சொல்லுங்கள். இந்தமுறை கூப்பிடாமலே வருவார்கள், ஈப்போவிலிருந்துகூட வருவார்கள். இருபது நாற்காலி போதும். சாப்பாட்டுக்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டுப் புத்தகத்தைச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இரும்புக் கழி உங்களிடம் இருக்கிறது, வேறு ஒன்று வேண்டியிருக்கும்.

மலருக்கு அலைய வேண்டாம். சவரிநாதன் ஐயாவின் உறையையும் நான்காம் தேதி டீச்சருடையதோடு சேர்த்தே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். பாகான் செராய்க்கு இரண்டு முறை பஸ் ஏறுவது எதற்கு என்றுதான்.